ரெஜிஸ்ட்ரி கிளீனர்: கொஞ்சம் யோசித்து கிளிக் செய்யுங்கள்

கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாகப் போனால் போதும், "ஒரு ரெஜிஸ்ட்ரி கிளீனர் போட்டு ஓட்டு, சரியாயிடும்" என்று சொல்ல பக்கத்தில் ஒருவர் இருப்பார். போன வருடம் வரை அந்த ஒருவர் நான்தான்!

எங்கள் தெருவில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் ஒரு நாள் கூப்பிட்டார். "தம்பி, சிஸ்டம் ரொம்ப இழுக்குது, கொஞ்சம் பாரேன்." இலவசமாகக் கிடைத்த ஒரு கிளீனரை இறக்கி ஓட்டினேன். சிவப்பு எழுத்தில் ஆயிரத்துக்கும் மேல் பிழைகள் காட்டியது. பேக்கப் எடுக்கவா என்று கேட்டது, "வேண்டாம்" என்றேன். எல்லாவற்றையும் சரிசெய்யும் பட்டனை அழுத்திவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போன். "தம்பி, டைப்பிங் சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேங்குதுப்பா. கல்யாணப் பத்திரிகை ஆர்டர் நிக்குது."

நடந்தது இதுதான். அந்த மென்பொருளை அவர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் நிறுவியிருந்தார். நான் ஓட்டிய நேரத்தில் அது செருகப்படவில்லை. ரெஜிஸ்ட்ரியில் குறித்திருந்த இடத்தில் கோப்பு இல்லை என்றதும், "இது குப்பை" என்று கிளீனர் முடிவு செய்து அழித்துவிட்டது. கிளீனருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கோப்பு நிஜமாகவே போய்விட்டதா, டிராயரில் இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் கணக்குப் புத்தகம் மாதிரி. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எந்தக் கோப்பை எது திறக்க வேண்டும், யாருக்கு என்ன அமைப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் சிறிதாகத் தொடங்கி, 1995-ல் விண்டோஸ் 95-ல் முக்கிய இடத்துக்கு வந்தது. அதற்கு முன் இந்த விவரங்கள் ஐஎன்ஐ என்ற சின்னச் சின்ன கோப்புகளில் சிதறிக் கிடந்தன.

சரி, சுத்தம் செய்தால் வேகம் கூடுமா? ரெஜிஸ்ட்ரி ஒரு மரம் போல கிளை கிளையாக அமைந்தது. விண்டோஸ் தனக்கு வேண்டிய கிளைக்கு நேராகப் போய் எடுத்துக்கொள்ளும், முழுவதையும் படிப்பதில்லை. ஆயிரம் பதிவுகளை அழித்தாலும் மிஞ்சுவது சில நூறு கேபி இருக்கலாம். ஜிபி கணக்கில் ராம் உள்ள கணினியில் இது எந்த மூலைக்கு? அண்ணன் கடை சிஸ்டம் இழுத்ததற்குக் காரணம், ஆன் செய்ததும் தானாக ஓடிய ஏழெட்டு மென்பொருள்களும் நிரம்பி வழிந்த சி டிரைவும்தான்.

மைக்ரோசாஃப்டே 1990-களில் ரெக்கிளீன் என்று ஒன்றை வெளியிட்டு, பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. இப்போது இந்த வகை மென்பொருள்களை ஆதரிப்பதில்லை என்றும், சிக்கல் வந்தால் விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டி வரலாம் என்றும் சொல்கிறது. 2017-ல் பிரபலமான சிகிளீனரின் 5.33 பதிப்பில் ஹேக்கர்கள் தீய நிரலைச் செருகினார்கள். சுமார் 22.7 லட்சம் பேர் அதை இறக்கியிருந்தார்கள். நல்ல பெயர் உள்ளதற்கே இந்த நிலை. "ஸ்கேன் இலவசம், சரிசெய்யக் காசு" என்று பயமுறுத்துபவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்படியும் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நண்பர்களே, இவற்றையாவது செய்யுங்கள்:

1. முதலில் ரீஸ்டோர் பாயிண்ட் உருவாக்குங்கள். பல கணினிகளில் சிஸ்டம் புரொடெக்ஷன் அணைந்தே இருக்கும், ஆன் செய்துவிட்டு உருவாக்குங்கள்.
2. கிளீனர் பேக்கப் கேட்டால் "சரி" என்று சொல்லுங்கள்.
3. வழக்கமாகச் செருகும் டிஸ்க், பென் டிரைவ் எல்லாம் செருகியிருக்கட்டும்.
4. பட்டியலைப் படியுங்கள். தெரியாததைத் தொடாதீர்கள். மொத்தமாக அழிக்காதீர்கள்.
5. வேண்டாத மென்பொருளை அதன் அன்இன்ஸ்டால் வழியாகவே நீக்குங்கள்.

அண்ணனிடம் பழைய சிடி இல்லை. விற்றவர்களைப் பிடித்து மறுபடி நிறுவ இரண்டு நாள் ஆனது. பத்திரிகை ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விட்டது. அவர் திட்டவில்லை. "பரவாயில்ல தம்பி, நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றார். திட்டியிருந்தால்கூட மனசு இவ்வளவு உறுத்தியிருக்காது.

இப்போதெல்லாம் யாராவது சிஸ்டம் இழுக்கிறது என்றால், முதலில் தானாக ஓடும் மென்பொருள்களைத்தான் பார்க்கிறேன். ரெஜிஸ்ட்ரி பக்கம் போவதே இல்லை.