எந்தத் தடம் வாங்குவது?

கடையில் சாமான்கள் பெருகப் பெருக, வாங்க வருகிறவனுக்கு நிதானம் குறைந்துகொண்டே போகிறது. ஜவுளிக்கடைக்காரருக்கு இந்த ரகசியம் தெரியும். ஒரு புடவை கேட்டால் நாற்பதை விரித்துப் போடுவார். கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டைத் தயாரிக்கிறவர்களும் இந்தச் சாஸ்திரத்தை நன்றாகப் படித்தவர்கள்தாம்.

‘ரயில் சிமுலேட்டர்’ என்பதை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. திரையிலே எஞ்சின் டிரைவரின் அறை தெரிகிறது. ரெகுலேட்டரும் பிரேக்கும் நம் கைவசம். வெளியே தண்டவாளமும் சிக்னலும் ஸ்டேஷனும், நிஜத்தில் உள்ளபடியே, மைலுக்கு மைல் ஓடி வருகின்றன. மூல விளையாட்டோடு கிடைப்பவை சில தடங்களே. மற்ற ஊர்ப் பாதைகள் வேண்டுமானால் ‘ஆட்-ஆன்’ என்ற பெயரில் ஒவ்வொன்றாக விலை கொடுத்து வாங்க வேண்டும். இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா என்று அவை குவிந்து கிடக்கின்றன. புதிதாக வருகிறவன் மலைத்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் ஒரு லௌகீகமான எச்சரிக்கை. ‘டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக்’, ‘டிரெயின் சிம் வேர்ல்டு’ இரண்டும் டவ்டெயில் கேம்ஸ் என்ற ஒரே கம்பெனியின் சரக்குதான். ஆனால் ஒன்றுக்கென்று வாங்கிய தடம் மற்றதில் ஓடாது. அண்ணன் தம்பிதான், அடுப்பு வேறு! தடத்தோடு எந்தெந்த வண்டிகள் கூட வருகின்றன என்பதையும் பார்த்துவிட்டுப் பணப்பையைத் திறப்பது நல்லது. விலைக் குறைப்பு நாட்கள் அடிக்கடி வருவதால், பொறுமைசாலிக்கு நஷ்டம் கிடையாது.

பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது. புதியவன் பெரும்பாலும் வேகத்தைப் பார்த்து மயங்குகிறான். மணிக்கு 180 மைல் போகிற வண்டி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அதிவேகப் பாதையில் ஒருமுறை வேகம் பிடித்தபின், டிரைவருக்கு வெகுநேரம் வேலை இராது. பாசஞ்சர் வண்டி அப்படியல்ல. தென்மேற்கு இங்கிலாந்தில் எக்ஸெட்டரிலிருந்து பெயின்டன் வரை போகும் ‘ரிவியேரா’ தடத்தைப் பாருங்கள். ஸ்டார்கிராஸ், டாலிஷ், டைன்மத் என்று சில நிமிஷங்களுக்கு ஒரு ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் பிளாட்பாரத்தை விட்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் தங்காமல் நிறுத்த வேண்டும். ஒரே மாலையில் பிரேக்கின் சுபாவம் பிடிபட்டுவிடும். கூடவே, கடல் அலை தண்டவாளத்தருகே வந்து மோதுகிற காட்சியும் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் அடித்த புயலில் டாலிஷ் கடற்சுவர் இடிந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது இந்த இடத்தில்தான்.

இதற்கு நேர்மாறானது அமெரிக்காவின் ஷெர்மன் மலைத் தடம். 8,000 அடிக்கு மேலான அந்த உச்சிக்கு மைல் நீளக் கூட்ஸ் வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். எஞ்சின் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போது வால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அவசரக்காரனுக்கு அது ஏற்ற இடம் அல்ல. ஆக, படத்தின் அழகைவிட, நம் கைக்கு என்ன வேலை கொடுக்கும் என்பதைப் பார்த்தே தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் முப்பது தடங்களுக்கு மேல் இருக்கின்றன. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நேரமும் உண்டு, காசும் உண்டு. எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் மூன்றாவது ஸ்டேஷனுக்குள் அலுத்துவிடுகிறது. “அடுத்த மாதம் ஸ்விட்சர்லாந்து வாங்கப் போகிறேன்” என்கிறார். வாழ்நாளெல்லாம் ஓய்வுக்கு ஏங்கிய மனிதர், கிடைத்த ஓய்வை வாங்குவதிலேயே செலவழிக்கிறாரே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிரிக்காத புத்தகங்கள் அலமாரியில் அடுக்கியிருக்கிற வீடுகளில் உள்ளவர்களுக்கு இது புரியும்.

என் பிரியத்துக்குரிய தடம் வட இங்கிலாந்தின் ஸெட்டில்–கார்லைல் பாதை. 2001-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ரயில் சிமுலேட்டரில் இருந்த 6 தடங்களில் அதுவும் ஒன்று. பின்னால் வந்த விளையாட்டுகளுக்கும் அது வந்துவிட்டது. சுமார் 72 மைல். அதைக் கட்ட வேண்டிய மிட்லண்ட் ரயில்வே கம்பெனி, இந்த வேலையே வேண்டாம் என்று 1869-ல் கை கழுவப் பார்த்தது, பார்லிமெண்டு விடவில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் மழையிலும் சேற்றிலும் மலைவெளியில் குடிசை போட்டுக்கொண்டு உழைத்தார்கள். விபத்திலும் அம்மையிலும் மாண்டவர்கள் பலர். 1876-ல் பிரயாணி வண்டிகள் ஓடத் தொடங்கின. 1980-களில் பாதையை மூடிவிடத் திட்டமிட்டார்கள். ஜனங்கள் போராடியதில் 1989-ல் அது பிழைத்துக்கொண்டது.

ஸெட்டிலிலிருந்து சுமார் 15 மைலுக்குப் பெரும்பாலும் 100 அடிக்கு 1 அடி ஏற்றம். முதல் நாள் அது வெறும் புல்வெளியும் கல்வேலியுமாகத்தான் தெரிந்தது. நாலைந்து நாள் ஓட்டியபின், ஸெட்டிலுக்கு முன்பே நீராவியைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது புரிந்தது. அப்புறம் 24 வளைவுகளோடு 104 அடி உயரத்தில் நிற்கும் ரிபிள்ஹெட் பாலம், பிளே மூர் சுரங்கம், அதைத் தாண்டியதும் டென்ட் ஸ்டேஷன் என்று ஒவ்வொன்றும் தெருக்கோடி வீட்டு மனிதர்களைப் போலப் பழக்கமாயின. பிரிட்டனில் எவ்வளவு அனுபவசாலியான டிரைவரானாலும், ஒரு பாதையின் சிக்னலையும் சரிவையும் படித்து, ‘இது எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்திட்ட பிறகே அதில் தனியாக வண்டி ஓட்ட முடியும். விளையாட்டில் அப்படிக் கையெழுத்து வாங்க யாரும் இல்லை. நாமேதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகையால் புதியவருக்கு நான் சொல்வது இதுதான். ஒரே ஒரு தடம் வாங்குங்கள். ஒரு மாதம் அதிலேயே போய் வாருங்கள். பிறகு ஒரு நாள் நேரத்தை இரவாக மாற்றி, மூடுபனியையும் போட்டுக்கொண்டு புறப்படுங்கள். ஸ்டேஷன் விளக்கு கண்ணில் படுவதற்கு முன்பே கை பிரேக்கைத் தேடிப் போகிறதா? இரண்டாவது தடத்துக்குத் தாராளமாகக் காசு எடுத்து வைக்கலாம்.