கத்தி ஒதுங்கிய பிறகு

அறுவை வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது? அனந்தபுரத்தில் இருக்கும் என் தமக்கையின் கணவருக்கு இல்லை. மலக்குடலில் புற்று. கதிர்வீச்சும் மருந்தும் முடிந்து சோதித்ததில் கட்டியைக் காணோம். வெட்டி எடுத்திருந்தால், வயிற்றில் துவாரமிட்டு ஆயுள் முழுதும் பை கட்டிக்கொள்ள நேர்ந்திருக்கலாம். அந்தத் துன்பம் தப்பியது. ஆனாலும், "வேர் உள்ளேயே இருந்தால்?" என்று கேட்கிறார் அத்தான்.

நியாயமான கேள்வி. பிரேஸில் நாட்டு அறுவை நிபுணர் ஆஞ்செலிதா ஹபர்-காமா அம்மையார், 265 நோயாளிகளில் கட்டி முற்றும் மறைந்த 71 பேரை வெட்டாமல் கண்காணித்து, 2004-ல் பலன்களை வெளியிட்டார். மருத்துவ உலகில் பலர் ஐயப்பட்டார்கள். 2018-ல் வெளியான பன்னாட்டுக் கணக்கில், இப்படிக் காத்திருந்த 880 பேரில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இரண்டாண்டுக்குள் கட்டி மீண்டும் தலைகாட்டியது. உடனே கண்டுகொண்டால் பெரும்பாலும் அப்போது அறுவை செய்துகொள்ளலாம்; காணத் தவறினால்தான் ஆபத்து.

ஆகவே இது வைத்தியத்துக்கு விடுமுறையல்ல, காவல். மல்லாட்டைக் கொல்லைக்கு இரவில் காவல் போகிறவருக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

"அறுவடை, கல்யாணம் என்று புதுச்சேரிக்குப் போகும் தவணையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அத்தான்" என்றேன்.

பேசாமல் காலண்டரை எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தேதியாகச் சுழிக்க ஆரம்பித்தார்.