இரக்கமும் அறிவும்

கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் அமர்ந்து அதன் செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் பொருளில் இயேசு பெருமான் ஓர் உவமை கூறினார். இறைவனை நம்புபவரும் சிந்தித்தே செயற்பட வேண்டும் என்பதை இவ்வுவமை உணர்த்துகிறது.

ஐடா ஸ்கடரின் வாழ்வு இதற்குச் சான்றாகும். 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்த இவர், அமெரிக்காவில் கல்வி கற்றபின், நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தார். இங்கேயே தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஓரிரவு மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, மகப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆயினும், ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்கள் உடன்படவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

ஐடா இறைவனை வேண்டினார். தம் வழியை மாற்றிக்கொண்டார். எனினும், இரக்கம் மட்டுமே உயிரைக் காக்காது அன்றோ? எனவே, அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் பட்டம் பெற்றார். பின்னர் வேலூரில் பணி தொடங்கினார். ஒருவரால் எத்தனை பேரைக் காக்க இயலும்? 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். அதுவே இன்றைய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி.

விளையாட்டுத் திடலில் நண்பன் விழுந்தால், அவனைத் தூக்கிவிட உள்ளம் துடிக்கும். எலும்பு முறிந்திருக்கலாம், அசைக்காமல் ஆசிரியரை அழை என்று அறிவு கூறும். அன்பு நம்மை அவனருகே அழைத்துச் செல்லட்டும். செய்ய வேண்டியதை அறிவு சொல்லட்டும்.