தேவாங்கின் மேல் போட்ட பழி

போன செமஸ்டரில் ப்ராஜெக்ட் அப்லோட் செய்யக் கடைசி நாள். கெடு ராத்திரி 12 மணி. டிபார்ட்மென்ட் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில். 11 மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. பக்கமே திறக்கவில்லை. "டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?" என்று போன் மேல் போன்.

எனக்கு உடனே ஒரு ஜூனியர் ஞாபகம் வந்தான். முந்தின வாரம்தான் தன் லேப்டாப்பிலேயே ஒரு டம்மி சர்வர் வைத்து, ஸ்லோலாரிஸ் ஓட்டி எங்களுக்குக் காட்டியிருந்தான். சர்வரில் நிரம்பிக் கிடந்த இணைப்புகள் எல்லாம் ஹாஸ்டல் ஐ.பி.யிலிருந்து வேறு. நேரே அவன் ரூமுக்குப் போய் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். "நான் இல்லண்ணா, சத்தியமா இல்லண்ணா" என்றான். நான் நம்பவில்லை.

ஸ்லோலாரிஸ் தெரியாதவர்களுக்கு: 2009-இல் ராபர்ட் ஹான்சன் என்பவர் வெளியிட்ட சின்ன புரோகிராம் அது. ஸ்லோ லாரிஸ் என்றால் நம்ம ஊர் தேவாங்குக்குச் சொந்தக்கார மிருகம். ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் ஒருவர் நின்றுகொண்டு, ஊர் பெயரை எழுதி, யோசித்து, பேனா கேட்டு, அப்புறம் ஒரு எழுத்து எழுதினால் எப்படி இருக்கும்? அதேதான். சர்வரிடம் கோரிக்கையின் தலைப்பு வரிகளை ஒவ்வொன்றாக அனுப்பும், முடிக்கவே முடிக்காது. எல்லாக் கவுண்டரிலும் இப்படி ஒருவர் நின்றால் அப்பாச்சி சர்வர் காலி. இதற்கு ஆயிரம் கணினி வேண்டாம், ஒன்றே போதும்.

ராத்திரி ஒரு மணிக்குத்தான் லாக் பார்க்கத் தோன்றியது. தலைப்பு வரிகள் எல்லாம் முழுசாக வந்திருந்தன. பாதியில் நின்றிருந்தது ப்ராஜெக்ட் ஃபைல். அதாவது, தேவாங்கு இல்லை. நாங்களேதான்! ஹாஸ்டல் வைஃபை நடுவில் அறுந்துபோகும். அது தெரியாமல் சர்வர் காத்திருக்கும். பையன்கள் மறுபடி சப்மிட் அமுக்குவார்கள், இன்னொரு இடம் போச்சு. மொத்தம் இருந்ததே 150 இடம். ஹாஸ்டல் முழுக்க ஒரே ஐ.பி.யில் வெளியே வருவதால் ஒரே ஆள் செய்வதுபோலத் தெரிந்திருக்கிறது.

சர்வர் எவ்வளவு நேரம் காத்திருந்தது தெரியுமா? 300 நொடி. அப்பாச்சி 2.2 காலத்து டீஃபால்ட் அது. 2.4-இல் 60 ஆகிவிட்டது. சீனியர்கள் விட்டுப்போன பழைய கான்ஃபிக் ஃபைலை நான்தான் அப்படியே காப்பி அடித்திருந்தேன்.

தீர்வு ஒன்றும் பிரமாதமில்லை. 2.2.15-இலிருந்தே அப்பாச்சியில் மாட்_ரெக்டைம்அவுட் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. முதலில் 20 நொடி கெடு. அதன்பின் வரும் ஒவ்வொரு 500 பைட்டுக்கும் ஒரு நொடி கூடும். மெதுவாக அனுப்புகிறவனுக்குப் பொறுமை காட்டும், சும்மா நிற்கிறவனை வெளியே அனுப்பிவிடும். முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ் வைத்தால் இன்னும் நல்லது. ஃபைலை அது முழுசாக வாங்கிக்கொண்டுதான் அப்பாச்சியைத் தொந்தரவு செய்யும்.

இது பழைய பாடம்தான். 1996-இல் நியூயார்க்கின் பேனிக்ஸ் நிறுவனத்தை முடக்கிய சின் ஃப்ளட்டும் இதே ரகம். பாதியில் விட்ட கைகுலுக்கலுக்காக சர்வர் இடம் பிடித்து வைத்துக் காத்திருக்கும். டேனியல் பெர்ன்ஸ்டீன் முன்வைத்த சின் குக்கியில், விவரத்தைப் பதில் எண்ணுக்குள்ளேயே மடித்து வந்தவனிடம் டோக்கன் மாதிரி கொடுத்துவிடுவார்கள். டோக்கனோடு திரும்பி வந்தால்தான் இடம்.

ஹெச்.ஓ.டி. ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தார். ப்ராஜெக்ட்கள் தப்பித்தன. அதே நாலு பேர் முன்னால் ஜூனியரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா" என்றான். ஆனால் அப்புறம் அவன் லேபில் எதையும் யாருக்கும் காட்டுவதில்லை. அதைச் சரிசெய்ய எந்த மாட்யூலும் இல்லை.

உங்கள் சர்வரின் டைம்அவுட் எத்தனை நொடி என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள் மக்களே. பழி போடுவதற்கு முன்னால் லாக்கையும்.