ஓட்டைக் காலணாவும் என் ஆங்கிலமும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதையெல்லாம் வராதுண்ணே" என்று நழுவத்தான் பார்த்தேன். "கவிதை யாருக்கு வேணும்? உன் வீட்டுல நடந்ததை எழுது" என்றார். என் வீட்டில் நடந்தது ஓர் ஓட்டைக் காலணாக் கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம்மில் பாதிப் பேர் வீட்டில் இது நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து மேலே படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா காய்கறி கமிஷன் மண்டியில் லோடுமேன். கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். எனக்கு டிப்ளமோவில் இடம் கிடைத்த அன்று, தெருவில் பார்த்தவரிடமெல்லாம் "எம்மவன் மெக்கானிக்கல்" என்று அப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் பேங்க் கடிதம், கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் என்னிடம்தான் வரும். எனக்கும் அதில் ஒரு பெருமை.

அப்பத்தா இறந்தபோது அவர் சுருக்குப்பையில் வெற்றிலைக் காம்போடு மூன்று காசுகள் இருந்தன. இரண்டு ஓட்டைக் காலணா, 1943, 1945 என்று வருடம் போட்டவை. மற்றொன்று ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய், வருடம் 1919. ஒரு காலத்தில் அதைக் கழுத்துக் கயிற்றில் கோத்துப் போட்டிருந்தாராம். வளையம் விழுந்து, பற்றவைத்த தழும்பு மட்டும் மேலே இருந்தது.

நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஓட்டைக் காலணா, டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, எல்லாவற்றின் படமும் அதில் இருந்தது. காலணாவுக்கு நேராக இரண்டு லட்சம் என்று எழுதியிருந்தது. கீழே ரிசர்வ் வங்கி முத்திரை. முழுக்க ஆங்கிலம்.

"தம்பி, இதுல என்ன போட்டிருக்கு, வாசி" என்றார் அப்பா. அம்மாவும் அடுப்படியிலிருந்து வந்து நின்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. 'ஆக்‌ஷன்', 'ரெஜிஸ்ட்ரேஷன்', 'வெரிஃபிகேஷன்' என்று நான் வாசிக்க வாசிக்க அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நெசமாடா?" என்றார். "நெசம் மாதிரிதாம்ப்பா இருக்கு. கவர்மென்ட் சீல் இருக்கு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு விலை 8,050 ரூபாய். முதலில் பதிவுக் கட்டணம் என்று 1,550. நாலு நாள் கழித்து வரி என்று 6,500. அதற்காக அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. மூன்றாவது முறை 15,000 கேட்டபோதுதான் அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி, நம்ம மண்டியில தக்காளி ஏலம் போகுது. வித்த காசுலதான கமிஷனைப் பிடிப்பாங்க? விக்கிறதுக்கு முன்னாடியே விக்கிறவங்கிட்ட காசு கேக்குற ஏலம் எங்கடா இருக்கு?"

நான் வாயடைத்துப் போனேன். அதன் பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ராத்திரி படுக்கையில் ஒரே எண்ணம். நான் வாசித்தேனே தவிர, விளக்கவில்லை. 'ஏலத்துக்கு முன்னாலேயே நம்மகிட்ட காசு கேக்குறாங்கப்பா' என்று தமிழில் ஒரே வரி சொல்லியிருந்தால், முப்பது வருடம் மண்டியில் ஏலம் பார்த்த மனிதர் அப்போதே பிடித்திருப்பார். ஏமாந்தது அவருடைய படிக்காத அறிவல்ல. என் படித்த வாய்தான்.

அந்த ரோஷத்தில்தான் பழங்காசு, ஏலம் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையில் வங்கி இறங்குவதில்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் கேட்க யாருக்கும் அனுமதி தரவுமில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்த எச்சரிக்கையும் ஆங்கிலத்தில்தான் என் கண்ணில் பட்டது. தேடினால் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை.

சரி, பழங்காசுக்கு விலையே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் 1933-ஆம் வருடம் அடித்த 20 டாலர் தங்கக் காசு ஒன்று, 2021 ஜூனில் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் போனது. காரணம் அது பழசு என்பதல்ல. அந்த வருடம் 4,45,500 காசுகள் அடித்தார்கள். அதே வருடம்தான் தங்கக் காசு புழக்கத்தையே அந்த நாட்டு அரசு நிறுத்தியது. அதனால் அவற்றை வெளியே விடாமல், அநேகமாக எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். திருட்டுத்தனமாக வெளியே போனவற்றில், தனி ஆள் ஒருவர் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடியது என்று அந்த ஏலக் காசு ஒன்றுக்குத்தான் அனுமதி கிடைத்தது. இருப்பது ஒன்று, கேட்பவர்கள் பல பேர். 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று விலை ஏறாமல் என்ன செய்யும்?

நம் ஓட்டைக் காலணாவோ 1943 முதல் 1947 வரை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து உலோகத் தட்டுப்பாட்டில், உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டார்கள். ஊரெல்லாம் கிடக்கும் பொருளுக்கு யார் இரண்டு லட்சம் தருவார்கள்? பழசு வேறு, அரிது வேறு. எனக்கு 8,050 ரூபாய்க்குக் கிடைத்த முதல் பாடம் இது.

இரண்டாவது பாடம், நிலைமை. ஜெர்மனியின் மார்க்லின், இங்கிலாந்தின் ஹார்ன்பி கம்பெனிகளின் பழைய பொம்மை ரயில்களும் இப்படித்தான் ஏலத்துக்கு வருகின்றன. அதில் வேடிக்கை என்ன தெரியுமா? ரயிலோடு அது வந்த அட்டைப்பெட்டியும் இருந்தால் விலை கூடும். பிள்ளைகள் ரயிலை வைத்துக்கொண்டு பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். அதனால் பெட்டி அரிதாகிவிட்டது! காசிலும் அதே கணக்குதான். தேயாத, தேய்க்காத காசுக்குத்தான் மதிப்பு. எங்கள் அப்பத்தா வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளி ரூபாயைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருக்கிறார். ஜார்ஜ் மன்னரின் மூக்கே காணோம்! போதாததற்குப் பற்றவைத்த தழும்பு வேறு. சேகரிப்பாளர் கண்ணுக்கு அது குறைபட்ட காசு. ஆகவே நண்பர்களே, வீட்டில் பழங்காசு இருந்தால் தயவுசெய்து புளியும் சாம்பலும் போடாதீர்கள்.

மூன்றாவது, போலி. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, வருடம் 1818 என்று ஒரு செப்புக் காசு உலவுகிறது. கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. இங்கேதான் நம் படிப்பு உதவுகிறது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் புதிதில் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கெஞ்சி அப்பத்தாவின் ரூபாயை எடை போட்டேன். காற்றில் 11.4 கிராம், தண்ணீருக்குள் 10.3. ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி அடர்த்தி 10.36. இந்த வெள்ளிக் கலவைக்குச் சுமார் 10.3 வரவேண்டும். பித்தளையாக இருந்தால் எட்டரைப் பக்கம் நின்றிருக்கும். காந்தத்திலும் ஒட்டவில்லை. (1947-இல் வந்த ரூபாய் நிக்கல், அது ஒட்டும். 1940-லேயே ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்.) எங்கள் அப்பத்தா வைத்திருந்தது நிஜம்தான்!

சிவில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அஸ்திவாரம் தோண்டும்போது புதையல் காசு கிடைத்தால் அமுக்கிவிடக் கூடாது. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய காசு 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

கடைசியில் ஒரு நாணயக் கண்காட்சியில் மூன்று காசையும் காட்டினேன். ஓட்டைக் காலணாவுக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் யாரும் கேட்கவில்லை. ரூபாய்க்கு வெள்ளி விலையோடு கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன் என்றார் ஒருவர். அப்பாவுக்குப் போன் போட்டேன். இந்த முறை ஒவ்வொன்றாக, தமிழில், விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அதை விக்க வேணாம் தம்பி. ஆத்தா கழுத்துல கிடந்தது, வீட்லயே கிடக்கட்டும்" என்றார்.

செமஸ்டர் லீவில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குப் போனேன். இரண்டு லீவு ஆனது, அம்மாவின் தோட்டை மீட்க. தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டே அம்மா, "இனிமே எதை வாசிச்சாலும் அர்த்தத்தைச் சொல்லிட்டு வாசிடா" என்றார்.

இப்போதும் தெருவில் யாராவது போனை நீட்டி "தம்பி, இதை வாசிச்சுச் சொல்லு" என்பார்கள். முதலில் நான் மனசுக்குள் முழுவதும் படிக்கிறேன். பிறகு, "இது நம்மகிட்ட காசு கேக்குது மாமா", "இது சும்மா விளம்பரம் அக்கா" என்று விஷயத்தைச் சொல்கிறேன். புரியாவிட்டால் "எனக்குப் புரியல, கேட்டுச் சொல்றேன்" என்கிறேன். அப்படிச் சொல்ல ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை.

நம் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. நாம் 'நெசம்' என்று சொன்னால் அவர்கள் தோட்டைக் கழற்றிவிடுவார்கள். அதை நினைத்துக்கொண்டு வாசிப்போம் நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை