ஆறுதல் சொல்லும் முன்

துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே போய் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிடுகிறோம். "விதி, யாரை நொந்து என்ன பயன்?" "படுக்கையில் கிடந்து சீரழியாமல் போனாரே, அதுவே புண்ணியம்." "உங்களுக்காவது மகன் பக்கத்தில் இருக்கிறான்." ஒன்றுகூடக் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. ஆனால் கேட்கிறவர் முகத்தைப் பாருங்கள். "ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்கிறார்.

எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு அம்மா, வந்தவர்களிடமெல்லாம் ரசத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி ராத்திரி கணவர் ரசம் கேட்டாராம். டாக்டர் சொன்னபடி இந்த அம்மா உப்பில்லாமல் கொடுத்தாராம். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாராம். "அதையெல்லாம் இப்போ நினைக்காதீங்க" என்று எல்லோரும் அடக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மட்டும், "அவருக்கு ரசம்னா ரொம்பப் பிடிக்குமோக்கா?" என்று கேட்டாள். அதன் பிறகு அரை மணி நேரம் அந்த அம்மா பேசினார். மூன்று நாளாக அடைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

முன்னவர்கள் காட்டியது அனுதாபம். அந்தப் பெண் காட்டியது ஒத்துணர்வு. அனுதாபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பாடை கட்டவும், பணம் புரட்டவும், வந்தவர்களுக்குச் சோறாக்கவும் அதுதான் ஓடி வருகிறது. ஆனால் அது தன் மனதில் தோன்றியதைச் சொல்லிவிட்டுப் போய்விடும்; அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்காது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில், மனநல ஆலோசகருக்கு இருந்தே தீரவேண்டியவற்றில் ஒன்றாக இந்த ஒத்துணர்வைச் சேர்த்தார். வந்தவரின் உலகத்தைத் தன்னுடையதுபோலவே உணர வேண்டும். அதே சமயம், அது தன்னுடையதல்ல என்பது ஒரு கணமும் மறந்துபோகக் கூடாது. இரண்டாவது பாதியைத்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

"அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோமே, அது போதாது. உளவியலாளர் டேனியல் பேட்சனும் அவர் குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், துயரத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணின் பேட்டியை மாணவர்கள் கேட்கப் போட்டார்கள். அவளுக்கு எப்படியிருக்கும் என்று நினைத்துக் கேட்டவர்களுக்கு அவள்மேல் பரிவு பிறந்தது. தனக்கு வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துக் கேட்டவர்களுக்கோ, பரிவோடு சேர்ந்து சொந்தக் கலக்கமும் வந்துவிட்டது. கலங்கியவர் பிறகு தன் மனதைத்தான் முதலில் தேற்றிக்கொள்ளப் பார்ப்பார். துக்கம் கேட்க வந்து, தன் வீட்டுச் சாவைச் சொல்லி அழுதுவிட்டுப் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தன் கதையை ஒதுக்கிவைத்துக் கேட்பதே பெரிய உதவி. லண்டனில் 1953-இல், சாகத் துணிந்தவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கென்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார் சாட் வாரா என்ற பாதிரியார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் தொண்டர்கள். அவர்களிடம் பேசியதிலேயே மனம் லேசாகி, பாதிரியாரைப் பார்க்காமலே பலர் எழுந்து போவதை வாரா கவனித்தார். அடுத்த ஆண்டே, கேட்கும் வேலையைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு வளர்ந்தது அப்படித்தான். சென்னையில் 1986-இல் தொடங்கிய 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பிலும், பயிற்சி பெற்ற தொண்டர்கள்தான் காது கொடுக்கிறார்கள். புத்தி சொல்வது அவர்கள் வேலையில்லை. அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் வீடுகளில் வயதானவர்கள் வாய் திறந்தாலே புத்திமதிதானே வருகிறது!

சாவு வீட்டில் முதல் நாள் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகள் ஊர் திரும்பிய பிறகுதான் அந்த வீட்டில் பேச ஆள் வேண்டும். அப்போது ஒரு நடை போங்கள். கைபேசியைத் தொடாமல் ஒரு மணி நேரம் உட்கார முடிகிற நாளாகப் பார்த்துப் போங்கள். போனவரைப் பற்றி அவர்கள் பேச்செடுத்தால், பேச்சை மாற்றாதீர்கள்.