சியோலில் ஒரு சிறு தெரு

தென்கொரியத் தலைநகராகிய சியோலின் வடகிழக்கே, டோபாங் வட்டாரத்தில் இருக்கிறது சாங்முன்தாங். கடல் கடவாமலே அங்குள்ள ஒரு சிறு தெருவை நம் இல்லத்துப் பிள்ளைகள் நன்கறிவர். 2015 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை 20 பகுதிகளாக ஒளிபரப்பான ‘ரிப்ளை 1988’ என்னும் தொடர் காட்டிய தெரு அது. பிள்ளைகளோடு அமர்ந்து நாமும் அதனுள் சென்று வந்தோம்.

சியோலில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த ஆண்டு 1988. அத்தெருவில் ஒன்றாக வளர்ந்த ஐவர், ‘பாதுக்’ என்னும் கல்லாட்டத்தில் வல்லவனான தேக்கின் அறையில் நாள்தோறும் கூடுகின்றனர். மாலையில் தாய்மார் சமைத்ததை அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்புகின்றனர். கொண்டுசென்ற பிள்ளை வெறுங்கையோடு திரும்புவதில்லை.

தோக்சன் என்னும் பெண்ணைத் தேக்கும் விரும்புகிறான், ஜங்ஹ்வானும் விரும்புகிறான். நண்பனின் உள்ளம் அறிந்து இருவருமே தயங்குகின்றனர். முதற்காதலினும் அந்நட்பின் கண்ணியமே நம் நெஞ்சைத் தொட்டது.

கடைசிப் பகுதியில் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீடு மாறிச் செல்ல, தெரு வெறிச்சோடுகிறது. தோழர் கூடிய அறை தோக்சனின் நினைவில் மட்டுமே எஞ்சுகிறது.

ஊர் விட்டு வந்த நமக்கு அக்காட்சி புதிதன்று. நாம் பிறந்த தெருவை நினைவில் சுமக்கிறோம்; நம் மக்களோ சாத்திய கதவுகளுக்குள் வளர்கின்றனர். நாளை அவர்கள் நினைக்க ஒரு தெரு வேண்டாமா? எதிர்வீட்டார் எம்மொழி பேசினும், இன்று ஒரு கிண்ணம் பாயசம் அனுப்புவோம். பிள்ளைகளே கொண்டு செல்லட்டும்.